கிளறிய மண்

"பாக்டீரியாவுக்கும் மூச்சு விடக் காத்து வேணுமுங்களா, சார்?"

வீரபாண்டியில் பனியன் துணிகளுக்குக் கறை எடுக்கும் பட்டறை நடத்திய சென்னியப்பன் என்னிடம் கேட்ட கேள்வி. போன வாரம் அவர் மகள் கைப்பேசியில் அழைத்து, "அப்பா விடியக்காலம் தவறிட்டாருங்க. மாராத்தாக்கா எருமைக்கு இன்னைக்கு நான் தண்ணி ஊத்திட்டேனுங்க" என்றபோது, முதலில் அதுதான் நினைவுக்கு வந்தது.

கறை எடுக்கும் மருந்தில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். மிச்சத்தைப் பட்டறைக்குப் பின்னால் மண்ணில் ஊற்றுவது அந்தத் தெரு வழக்கம், அவரும் ஊற்றினார். ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து மாராத்தாளின் கிணற்றில் இனிப்பாக ஒரு வாடை வந்தது. அந்த வாரமே பட்டறையை மூடினார். தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தினமும் சுமந்துபோய் மாராத்தாளின் எருமைகளுக்கு ஊற்றினார். "பட்டறை மொதலாளி எனக்குத் தண்ணிக்காரரா வந்துட்டாரு" என்பார் மாராத்தாள், சிரிக்காமல்.

அந்த மருந்தை உடைக்கும் பாக்டீரியாக்கள் மண்ணில் உண்டு என்று எங்கோ படித்துவிட்டுத்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். பல வருடம் அறிவியல் பாடம் நடத்திய நான் யோசிக்கவே இல்லை. "எந்த உயிருக்கும் காத்து வேணுமுங்க. வாரம் ஒருக்கா கிளறி விடுங்க" என்றேன். தோட்டங்காட்டு வேலையில் பழகிய கை அவருக்கு. பாக்டீரியாவுக்கு உணவாக வெல்லப்பாகைக் கரைத்து ஊற்றி, இரண்டு வருடம் கிளறினார்.

பரிசோதனைக்கு மண் எடுக்க வந்த கல்லூரி ஆய்வகப் பெண் அதைப் பார்த்துத் தயங்கினார். "இந்த மருந்த முழுசா உடைக்கிற பாக்டீரியா காத்துப் பட்டா செத்துருமுங்க. மூடி வெச்சிருக்கோணும்."

சாண எரிவாயுக் கலமும் அப்படித்தான். மூடியிருந்தால்தான் உள்ளே வேலை நடக்கும். சென்னியப்பன் வீட்டில் ஒன்று இருந்தது. அதன் அருகே உட்கார்ந்துதான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

"நாம ரெண்டு பேரும் அந்தச் சாணிக்குழிகிட்ட டியூசன் போயிருக்கோணுமுங்க" என்றார் சென்னியப்பன். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வேணும்னேவா சொன்னீங்க? நானும் வேணும்னேவா ஊத்துனேன்?"

பிறகு தார்ப்பாய் போட்டு மூடி, குழாய் வழியாகப் பாகை இறக்கினார். எத்தனை வருடம் ஆகும் என்று ஆய்வகப் பெண்ணாலும் சொல்ல முடியவில்லை.

துக்கம் கேட்கப் போன அன்று மாராத்தாள் ஒரு வாளி இறைத்துக் காட்டினார். வாடை அப்படியே இருக்கிறது. திரும்பும்போது பட்டறைக்குப் பின்னால் நின்றேன்; தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கக் கை போனது, இழுத்துக்கொண்டேன். சென்னியப்பனுக்காக நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

என்னைக் குற்றம் சொல்லாத அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். அவை ஆறுதலாக இல்லை. அவரை அறிந்தவர்களே, அடுத்த முறை யாராவது உங்களிடம் ஒன்று கேட்டால், "தெரியலீங்க, கேட்டுச் சொல்றேன்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.