மாரக்காள் பணம் போட்ட இடம்

மாலைக் காப்பி முடிந்ததும் விடுதிச் சமையற்கட்டில் நுழைந்து, வாழைக்காய்த் தோல், முட்டைக்கோஸ் இலை, பீன்ஸ் நார் எல்லாவற்றையும் துணிப்பையில் அள்ளிக்கொண்டு கிளம்புவாள் மாரக்காள். "பேங்குக்குப் போயிட்டு வாரேனுங்க்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள். பேங்கு பின்வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து சேலத்துக்குப் படிக்க வந்த முதல் வருடத்துக்காரி. என் அறையில் மூன்றாவது கட்டில் அவளுடையது. லீவில் கடலை பறித்துச் சேர்த்த நூற்றைம்பது ரூபாயோடு வந்தாள். அதை எங்கே வைப்பது என்று அறையே கூடி யோசனை சொன்னோம். "பொட்டியில வெச்சா நீங்கல்லாம் கைமாத்து வாங்கியே தீத்துப்போடுவீங்க" என்று எங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னாள். வார்டனிடம் கொடுத்தால் திருப்பிக் கேட்கும்போதெல்லாம் காரணம் சொல்ல வேண்டுமாம். தபால் ஆபீஸ் வட்டியை நான் விளக்கியபோது மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமையே சந்தைக்குப் போய்ச் சினையாடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

விடுதியில் பாத்திரம் கழுவும் அத்தாயியிடம் ஆட்டை வாரத்துக்கு விட்டாள். வளர்ப்பது அத்தாயி, போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. ஐப்பசி மழையில் இரண்டு பொட்டைக்குட்டிகள் பிறந்தன. மாரக்காள் ஈரத் தாவணியோடு அறைக்குள் ஓடிவந்து, "உங்க போஸ்டாபீசு இந்த மாசம் என்னங்க்கா போட்டுச்சு?" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. சிரிப்பும் வந்தது.

பங்குனியில் மாட்டிக்கொண்டாள். தேர்வுக் கட்டணத்துக்கு எப்படியும் நாள் நீட்டிப்பார்கள் என்று எல்லோரும் சொன்னதை நம்பி, சனிக்கிழமைச் சந்தையில் தன் பங்குக் குட்டியை விற்றுக் கட்டிவிடலாம் என்றிருந்தாள். நாள் நீட்டவில்லை. வியாழக்கிழமை மாலை நாலு மணியோடு சரி. என் தபால் ஆபீஸ் கணக்கில் என் கட்டணம் போக ஏழு ரூபாய்தான் மிச்சம். "பரீட்சை உட்டுப்போச்சுன்னா எங்கய்யன் என்னையக் கடலைக்காட்டுக்கே கூட்டிப்போட்டுப் போயிருவாருங்க்கா" என்றாள். அன்றுதான் அவள் குரல் இறங்கி நான் கேட்டேன். பாவமாக இருந்தது. ஆனாலும், "தபால் ஆபீசுக்குச் சந்தை நாள் கிடையாது" என்று சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மூன்றரை மணிக்குக் கட்டணம் கட்டும் வரிசையில் குட்டியோடு வந்து நின்றாள். முன்னும் பின்னும் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குமாஸ்தா சென்னியப்பன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து, "என்னம்மிணி இது?" என்றார்.

"பணமுங்க. மாத்தித்தான் தரோணும்."

"ஆபீசுல ஆடெல்லாம் வாங்கறதில்லை" என்றவர், எட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. தாய் ரெட்டைக்குட்டி போட்டதுங்க."

வெளியே வந்து குட்டியின் பல்லைப் பார்த்தார். முதுகை அழுத்திப் பார்த்தார். வீட்டில் ரொம்ப நாளாகப் பொட்டைக்குட்டி கேட்கிறார்களாம். கட்டணம் அறுபத்து நாலு என்று தெரிந்துகொண்டே அறுபத்தைந்துக்குக் கேட்டார். மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்களெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தோம். மாரக்காள் மட்டும் எண்பது என்றாள். எழுபத்தைந்தில் இருவரும் நின்றார்கள். சென்னியப்பன் தன் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து, அறுபத்து நாலைக் கல்லூரிப் பணப்பெட்டிக்குள் போட்டுவிட்டு, மீதியை அவளிடம் நீட்டி, ரசீதும் கிழித்துக் கொடுத்தார்.

"மிச்சத்தையாவது தபால் ஆபீசில் போடு" என்றேன்.

"பாக்கலாமுங்க்கா" என்று சொல்லிக்கொண்டே குனிந்து குட்டியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள்.

"கயித்தோட குடம்மிணி, எதுல கட்டறது?" என்றார் சென்னியப்பன்.

"விக்கற ஆட்டோட கயித்தயும் குடுத்தா அடுத்த ஆடு கையில தங்காதுங்க."

அவரும் நாலு ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்தான். ஒரு கோப்பின் நாடாவை உருவிக் குட்டியை மேசைக்காலில் கட்டினார். மாரக்காள் கயிற்றைத் தட்டித் தூசி போக்கினாள். முழங்கையில் சுற்றிச் சுருட்டி, புத்தகப் பைக்குள் ரசீதுக்கு மேல் வைத்து மூடினாள்.