கொழுந்து கிள்ளிய பூம்பாத்தி

1954ஆம் ஆண்டு பெப்ரவரியில் பேச்சியம்மாவுக்கு வயது முப்பத்திரண்டு. அதில் பாதிக்கு மேல் தேயிலை மலையில் கொழுந்து பறித்துக் கழிந்தது. பூச்செடி வளர்த்து விற்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், பென்ஷன் வாங்கிய ஒரு ரயில்வே கார்டின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது அவருடைய நாற்றுமேடை. கார்டின் கோவா, கரட் மரக்கறிப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டால் மீதி நிலத்தில் என்ன வேண்டுமானாலும் நட்டுக்கொள்ளலாம் என்பது பேச்சு. பேச்சியம்மாவும் கணவர் மூக்கனும் மகள் அங்கம்மாளும் அங்கேயே ஒரு தகரக் கொட்டகையில் குடியிருந்தார்கள்.

பூச்செடி மூக்கனின் வித்தை. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். துரை சீமைக்குக் கப்பலேறியபோது கொடுத்துவிட்டுப் போன விதைகளை மூக்கன் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தார். டப்பாவைத் திறக்க வைத்தவர் பேச்சியம்மா. இருவரும் தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டச் சொல்லி, தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்ததும் அவர் பிடிவாதத்தால்தான். பிரஜாவுரிமை இல்லாத ஆட்கள் அப்படி வெளியேறினால் திரும்பிப் போக இடம் கிடைக்குமா என்பது அந்நாளில் யாருக்கும் தெரியாது. மூக்கனுக்கு அந்தப் பயம் போகவே இல்லை.

அந்த வருடம் தைப்பொங்கலுக்கு வந்த பழைய தோட்டத்துப் பொன்னையா கங்காணி ஒரு சேதி கொண்டுவந்தார்.

"ரெண்டு பேருக்கு எடம் இருக்கு, மூக்கா. சீசன் முடியிற வரைக்கும் வேற ஆளப் பதியாம வச்சிருக்கேன். அதுக்கு மேல எங்கிட்ட வந்து தலையச் சொறியக் கூடாது."

மூக்கன் அன்றே போகத் தயார். பேச்சியம்மா மகளைக் காட்டினார். அங்கம்மாள் டவுன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. லயத்துக்குத் திரும்பினால் அடுத்த வருடம் அவளும் கூடை கட்ட வேண்டியதுதான்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் மலையேறும்போது விடுதிகளுக்கும் பங்களாக்களுக்கும் பூச்செடி கொடுப்பவர் நஸார் முதலாளி. அவர் இவர்களிடம் முதல் தடவையாகப் பெரிய அளவில் செடி கேட்டிருந்தார். அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் இங்கேயே இருப்பது. இல்லாவிட்டால் லயம்.

நஸார் கேட்டது பக்கவாட்டில் அழுத்தினால் வாயைத் திறக்கும் ஒரு பூ. துரையின் மனைவி துரைசாணி அதற்கு ஒரு நீளமான பெயர் சொல்வார். அங்கம்மாள் வைத்த பெயர் வாய்ப்பூ. வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. பெப்ரவரிப் பனியில் செடி கருகிவிடாமல் இருக்க, பாத்திகளின் மேல் முழ உயரத்துக்கு மூங்கில் பரண் கட்டி மானாப்புல் பரப்பியிருந்தார் மூக்கன். மாத முடிவில் பனி விட்டது. புல்லை எடுத்துப் பார்த்தால் செடிகள் நேராக நிமிர்ந்து, நுனியில் மொட்டுக் கட்டத் தயாராக நின்றன. கூடவே களையும் மண்டியிருந்தது.

களை பிடுங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாவின் அக்கா நாகலெட்சுமி வந்தார். கூடவே அவருடன் நிரையில் கொழுந்து பறிக்கும் இரண்டு பெண்கள். பாத்தியைக் காட்டிவிட்டுப் பேச்சியம்மாவும் மூக்கனும் மாட்டெரு சுமக்கப் போனார்கள்.

திரும்பி வந்தபோது மூன்று பெண்களும் ஒரு கல்யாணக் கதையில் மும்முரமாக இருந்தார்கள். களை சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் ஒவ்வொருத்தி முதுகுக்குப் பின்னாலும் இளம்பச்சையாக ஒரு குவியல் கிடந்தது. வாய் கதை பேச, கை பழகிய வேலையைப் பார்த்திருந்தது. வாய்ப்பூச் செடியின் நுனியைத் தேயிலைக் கொழுந்து போல இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, தோளுக்கு மேலே பின்னால் எறிந்திருந்தார்கள். கூடை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மண்.

"அக்கா! என்ன பண்ணி வச்சிருக்க?"

நாகலெட்சுமி தன் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் இன்னும் ஒரு நுனி இருந்தது.

"ஐயோ... களைதான்டி புடுங்குனோம்."

"திரும்பிப் பாரு. நல்லா நெறையப் பறிச்சிருக்க. தோட்டத்துக் கணக்கப்புள்ளைய வரச் சொல்றேன், எட போட்டுட்டுப் போகட்டும்!"

ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நாகலெட்சுமி அழத் தொடங்கினார்.

மூக்கன் பாத்தி பாத்தியாகக் குனிந்து பார்த்தார். ஓரத்தில் ஒரே ஒரு பாத்தி தப்பியிருந்தது.

"சாகாது. துரைசாணி சில செடியக் கிள்ளச் சொல்றதுதான். பக்கத்துல கெளை வரும். ஆனா பூ பிந்தும். ஏப்ரல் தொடக்கத்துக்கு ஒண்ணும் இருக்காது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "வர்றோம்னு கங்காணிகிட்டச் சொல்லிரட்டுமா?"

"சீசன் முடியிற வரைக்கும்னுதானே சொன்னாரு? முடியட்டும்," என்றார் பேச்சியம்மா.

ஏப்ரல் முதல் வாரம், பேச்சியம்மா ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் நஸாரின் லொறி வந்தது. அவர் இறங்கிப் பாத்தியைப் பார்த்தார், பேச்சியம்மாவைப் பார்த்தார், மறுபடி பாத்தியைப் பார்த்தார்.

"பூ எங்க ஈக்கி?" ‘இருக்கு’ என்பது அவர் பேச்சில் ‘ஈக்கி’.

"கொஞ்சம் பிந்திருச்சுங்க நானா. பத்துப் பதினஞ்சு நாள் பொறுத்தீங்கன்னா..."

"சீசனுக்கு வாறவங்க பச்சையப் பாக்கவா மலைக்கி வாறாங்க? அதுக்குத்தான் தேயில ஈக்கே!"

தப்பிய ஒரு பாத்திச் செடியை மட்டும் ஏற்றிக்கொண்டார். மீதியை வேறு இடத்தில் வாங்கினார். டவுனில் விடுதி வாசல்களிலெல்லாம் இடுப்புயரச் செடிகள் பூத்து நின்றதை அங்கம்மாள் பள்ளிக்கூடம் போய் வரும்போது பார்த்துவந்து சொன்னாள். மூக்கன் கேட்டுக்கொண்டே சாமான்களைச் சாக்கில் கட்டினார். பரண் மூங்கிலையும் பிரித்து விறகாக்கப் போனார். பேச்சியம்மா கத்தியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"போறப்போ பிரிச்சுக்கலாம்."

சித்திரை வருடப்பிறப்புக்கு நாகலெட்சுமி பலகாரத்தோடு வந்தார். தங்கை பேசுவாளோ மாட்டாளோ என்ற தயக்கத்தில் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வா. கைய மட்டும் கட்டிக்கிட்டு வா," என்றார் பேச்சியம்மா.

மறுநாள் பிற்பகல், அக்கா ஊர் திரும்பக் கிளம்பும் முன்பே வானம் கறுத்தது. காற்றின் குளிரிலேயே மூக்கனுக்கு விஷயம் புரிந்தது. "ஆலங்கட்டி! சாக்க எடுங்க மதினி!" என்று கத்தினார். கட்டி வைத்த சாமான்களை உதறிச் சாக்குகளைப் பரண் மேல் விரித்தார்கள். போதாததற்குப் பாய், போர்வை, மூக்கனின் பழைய கோட். செடிகளெல்லாம் பரணுக்கு அடியில் அடங்கியிருந்தன. கிள்ளாமல் வளர்ந்திருந்தால் முழ உயரப் பரணுக்குள் ஒன்றுகூட நின்றிருக்காது. தகரக் கூரையில் கல் விழுந்த சத்தத்தில் அதற்கு மேல் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

விடிந்ததும் மூடாக்கை எடுத்தார்கள். ஓரங்களில் இலை கிழிந்திருந்தது. மற்றபடி ஒவ்வொரு செடியும் ஐந்தாறு கிளை விட்டுப் புதராக நின்றது. கிளைதோறும் மஞ்சளும் சிவப்புமாக மொட்டு நிறம் காட்டியது. டவுனில் இடுப்புயரச் செடிகள் அத்தனையும் முறிந்து சேற்றில் கிடந்தன.

நஸார் முதலாளி பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். வீதியில் மரம் விழுந்து லொறி கீழே நின்றதால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே ஏறியிருந்தார்.

"எத்தன தட்டு ஈக்கி, புள்ள?"

"பச்சையப் பாக்க வந்தீங்களா நானா?"

"வாயப் பாரு! எல்லாத்தயும் ஏத்து. சீசன் இன்னும் பாதி ஈக்கி." குனிந்து ஒரு செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாப் பொதராட்டம் வந்தீக்கே! என்ன மருந்து போட்டீங்க? வார வருஷமும் இப்பிடியே வேணும். தொடக்கத்துலயே வேணும்."

மூக்கன் வாயைத் திறந்தார். பேச்சியம்மா முந்திக்கொண்டார்.

"அது எங்க அக்கா கை மருந்து நானா. வெளிய சொல்றதில்ல."

மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெட்டிய தட்டுகளில் செடிகளைப் பெயர்த்து வைத்து, ஆளுக்கொன்றாகத் தலையில் தூக்கிக்கொண்டு லொறிவரை இறங்கினார்கள். நாகலெட்சுமிதான் முன்னால் போனார். வழியில் தங்கையைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"அடுத்த வருஷமும் வரட்டுமாடி?"

"தைப் பொங்கல் முடிஞ்ச கையோட வா. அந்த ரெண்டு பேரையும் கூட்டியா. கல்யாணக் கதை மிச்சம் இருந்தா அதையும் கொண்டா."

சீசன் முடியும்வரை மூக்கன் காத்திருக்கவில்லை. அந்த வாரமே பொன்னையா கங்காணியிடம் போய், வேறு ஆளைப் பதிந்துகொள்ளச் சொன்னார். 1955 ஜனவரியில் அங்கம்மாள் நுவரெலியாவில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள்.