வலது கண்ணுக்காக ஒரு துப்பாக்கி

அந்தச் சனிக்கிழமை லிஃப்ட்காரர் இருபத்தைந்து தட்டுகளில் பதினொன்றைத் தவறவிட்டார். முதல் மூன்றுக்குக் காற்றைத் திட்டினார். அடுத்த நான்குக்குத் தோட்டாப் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, அதைத் தயாரித்தவனின் குடும்பத்தை நலம் விசாரித்தார். மிச்சத்துக்குத் துப்பாக்கியைத் திட்டினார். பதினாறு வருஷமாக அவர் தோளில் கிடந்த துப்பாக்கி அது. ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. திட்டுவதற்கு அதைவிடத் தோதான ஆள் வீட்டில்கூடக் கிடையாது.

கண்ணை மட்டும் அவர் திட்டவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷமாக மெக்கானிக். சுடும் கிளப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். பெயர் வேண்டுமென்றால் உறுப்பினர் அட்டையைப் பார்க்க வேண்டும், அந்தச் சிரமத்தை யாரும் எடுத்துக்கொண்டதில்லை. வாரத்தில் ஐந்து நாள் இருட்டுக் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஆறாம் நாள் வெட்டவெளியில் நின்று அண்ணாந்து பார்க்கப் போவார். ஏழாம் நாள் கழுத்துக்கு விடுமுறை.

அந்த வெட்டவெளியில் ஒரு யந்திரம் உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றை ஆகாயத்தில் வீசும். தரையில் விழுவதற்குள் அதைச் சுட்டு உடைக்க வேண்டும், விளையாட்டு அவ்வளவுதான். களிமண் தட்டு என்று பேர். உண்மையில் தாரையும் சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்துச் செய்தது. பெயரிலேயே பொய் இருப்பதாலோ என்னவோ, அங்கே வருகிறவர்களும் தங்களுக்குத் தாங்களே கொஞ்சம் பொய் சொல்லிக்கொள்வதைத் தப்பாக நினைப்பதில்லை.

லிஃப்ட்காரர் தனக்குச் சொல்லிக்கொண்ட பொய்க்கு நான்கு மாதம் வயது. முதலில் விளக்குகளைச் சுற்றி வலது கண்ணுக்கு மட்டும் ஒரு வளையம் தெரிந்தது. பிறகு எல்லாவற்றின் மேலும் பால் தெளித்தது போல ஒரு மங்கல். கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை உண்டு. இந்த வருஷம் அவர், அட்டையின் கடைசி வரிசை எழுத்துகளை இடது கண்ணால் மனப்பாடம் செய்து, வலது கண்ணால் ஒப்பித்தார். டாக்டர் சபாஷ் என்றார். பள்ளிக்கூடத்தில்கூட அவருக்குக் கிடைக்காத சபாஷ்.

அது கடைசி வரிசையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். லிஃப்ட்டைத் தூக்குவது இரும்புக் கயிறு. அதில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். மெக்கானிக் பருத்தித் துணியைக் கயிற்றின் மேல் பிடித்துக்கொண்டே லிஃப்ட்டை மெல்ல ஓட்டுவார். அறுந்த இழை துணியில் மாட்டும். பிறகு விளக்கைக் கிட்டே பிடித்து, மாட்டாத இழைகளையும் கண்ணால் தேடி எண்ண வேண்டும். துணி பாதி வேலை, கண் பாதி வேலை. நான்கு மாதமாக அவர் துணி வேலையை ஒழுங்காகச் செய்தார். கண் வேலைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மனதுக்குள் அவர் வைத்திருந்த கணக்கு எளிமையானது. துப்பாக்கி கெட்டிருந்தால் கண் நன்றாக இருக்கிறது. ஆகையால் துப்பாக்கி கெட்டிருக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு விடை போட்டுக் கொடுத்தவர் மச்சான். மனைவியின் அண்ணன், டைல்ஸ் கடை முதலாளி. கிளப்பிலேயே விலை அதிகமான துப்பாக்கி அவருடையது. மேலும் கீழுமாக இரண்டு குழல், பக்கவாட்டுத் தகடுகளில் புதரிலிருந்து எழும் பறவைகளைச் செதுக்கியிருந்தார்கள், பின்கட்டை மரத்தில் தேன் ஊற்றிய மாதிரி ரேகைகள். மச்சான் சுடும்போது உயிருக்கு ஆபத்தில்லாத ஒரே பறவைகள் அந்தத் தகட்டில் இருந்தவை என்று சொல்ல முடியாது. தட்டுகளும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. வாங்கிய பொருளிலிருந்து கடைச்சீட்டைப் பிய்க்க மாட்டார். காரின் இருக்கையில் பிளாஸ்டிக் உறை, ஃபிரிட்ஜின் கதவில் ஸ்டிக்கர், கைக்கடிகாரத்தின் முதுகில் மெல்லிய காகிதம். விலை தெரியாத பொருளை வைத்திருப்பது அவருக்குத் துணியில்லாமல் நிற்பது போல.

பதினொன்று தவறிய அன்றைக்கு மச்சான் பெருந்தன்மையாக நீட்டினார்.

"இந்தா மாப்ள, இதுல ஒரு ரவுண்டு அடிச்சுப் பாரு. உன் தகரத்த வச்சிக்கிட்டு எவ்வளவு நாள் மல்லுக்கட்டுவ?"

லிஃப்ட்காரர் சுடும்போது போடும் தன் பாதுகாப்புக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். கண்ணாடி போடாமல் பழைய துப்பாக்கியோடு ஒரு ரவுண்டு சுட்டதற்கே மைதானத்துப் பொறுப்பாளர் ஏசியிருந்தார். எனவே மச்சானின் மஞ்சள் கண்ணாடியையும் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். இடது கண்ணாடியில், நடுவுக்குக் கொஞ்சம் உள்பக்கமாக, விரல்நக அகலத்தில் வெள்ளையாக ஒரு துண்டு ஒட்டியிருந்தது. மச்சானாயிற்றே, கடைச்சீட்டு, என்று நினைத்துக்கொண்டார். நீங்களும் நானும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

இருபத்தைந்தில் இருபத்தொன்று உடைந்தன.

அவர் துப்பாக்கியைத் திறந்து, வெற்றுத் தோட்டாக்களை எடுத்துப் போட்டார். மச்சான் முதுகில் தட்டினார். அந்த நிமிஷத்தில் லிஃப்ட்காரருக்கு வந்த சந்தோஷம் இருபத்தொரு தட்டுகளுக்கானதல்ல. கண் நன்றாக இருக்கிறது. வேலை இருக்கிறது. போட்ட கையெழுத்துகள் எல்லாம் செல்லும். ஒரு துப்பாக்கியின் விலையில் இத்தனையும் கிடைக்கிறதென்றால், அது மலிவு.

அடுத்த சனிக்கிழமை முழுக்கக் கிளப்பில் யோசனை கேட்டார். இலவசமாகக் கிடைப்பதால் அங்கே அதற்குப் பஞ்சமில்லை. கனமான துப்பாக்கிதான் நல்லது, உதைக்காது, தட்டின் பின்னால் ஒரே சீராக நகரும் என்றார் ஒருவர். கனமானதைத் தூக்கினால் பத்தாவது தட்டுக்குள் கை துவண்டுவிடும் என்றார் அவரோடு வந்தவர். விலை கொடுத்தால் பேரன் காலம்வரை நிற்கும் என்றார் மூன்றாமவர். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. எல்லோரும் தங்களிடம் இருப்பதையே சிபாரிசு செய்தார்கள். லிஃப்ட்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் மனது ஏற்கெனவே தேன் ரேகையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைக்குப் போகும்போது மனைவியும் கூட வந்தார். துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கும் வேலை அவருக்கு. சேமிப்பில் பாதி போகும் இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். வேறு காரணமும் இருந்தது, அதைச் சொல்லவில்லை. போன வாரம் கணவர் ஜக்கிலிருந்து தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். ஊற்றிவிட்டு மேஜை ஆடுகிறது என்றார். மேஜை ஆடவில்லை. மனைவி அதை அழுத்திப் பார்த்திருந்தார்.

துப்பாக்கிக் கடையில் விற்பவர் வேறு, அளவுக்காரர் வேறு. வாங்குபவரின் தோளுக்கும் கண்ணுக்கும் துப்பாக்கியைப் பொருத்திப் பார்க்கும் அளவுக்காரர் உள்ளறையில் இருந்தார்: ஒல்லி, காதில் பென்சில், மேஜைமேல் அங்குல நாடா. நாடாவைப் பார்த்ததும் மனைவிக்கு மனிதர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. லிஃப்ட்காரர் மச்சானுடையதில் இருபத்தொன்று உடைந்ததைச் சொல்லி, அது போன்றதே வேண்டும் என்றார். மச்சான் பெயரைச் சொன்னதும் அளவுக்காரர் தெரியும் என்றார், அவர்தான் அதற்கு அளவு பார்த்தவர். அதே ரகத்தில் ஒன்றை எடுத்து வந்து, திறந்து, இரண்டு குழல்களும் காலி என்று இருவருக்கும் காட்டினார். பிறகு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சார், ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கிட்டு, டக்குனு தூக்கி என் வலது கண்ணப் பாத்துப் பிடிங்க."

 காலி என்று காட்டிய பிறகும், ஒரு மனிதர் இன்னொருவரின் முகத்துக்கு நேரே அதைப் பிடிப்பதைப் பார்ப்பது மனைவிக்குச் சுகமாக இல்லை. அளவுக்காரர் கண் சிமிட்டாமல் குழலின் மறுமுனையிலிருந்து பார்த்தார். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவை என்றார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, எதுவும் எழுதாமல் திரும்பச் செருகிக்கொண்டார்.

குழலின் மேல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது லிஃப்ட்காரரின் வலது கண். மூன்று தடவையும் தெரிந்தது இடது கண்.

"மச்சானோடதுல சுட்டீங்களே, அவரோட கண்ணாடியும் போட்டிருந்தீங்களா?"

போட்டிருந்தேன் என்றார் லிஃப்ட்காரர்.

அளவுக்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்து, விரல்நக அகலத்தில் வெட்டி, கடைக்குச் சொந்தமான ஒரு மஞ்சள் கண்ணாடியின் இடதுபக்கத்தில் ஒட்டி நீட்டினார். மாட்டிக்கொண்டு பிடிக்கச் சொன்னார். இப்போது குழல் நேராக வந்து நின்றது. லிஃப்ட்காரருடைய முகம் வெளுத்ததை மனைவி கண்ணாடிக்குப் பக்கவாட்டில் பார்த்தார்.

"அது கடைச்சீட்டு இல்லையா?" என்றார் லிஃப்ட்காரர்.

"நான்தான் சார் ஒட்டினேன். அவருக்குப் பிறவியிலேயே இடது கண்ணுதான் எஜமான். வலது தோள்ல வச்சுச் சுட்டா எல்லாம் இடப்பக்கம் போயிடும். டேப் அந்தக் கண்ண மறைச்சா நேரா வரும். வெளிய சொல்லாதீங்கன்னாரு. பாவம், அவரு மானம்."

அப்படியானால் இந்தத் துப்பாக்கி, என்று லிஃப்ட்காரர் தொடங்கி முடிக்காமல் விட்டார்.

"தாராளமா வாங்கிக்குங்க, வேணாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஒரு விலை வரைக்கும் குடுக்கற காசு குழலுக்கும் பூட்டுக்கும் போகும். வருஷம் முழுக்கச் சுட்டாலும் ஆடாது. அதுக்கு மேல குடுக்கறது மரத்துக்கு. அந்த மரத்தப் பாக்கறவங்களுக்கு. உங்க பழசு உங்க தோளுக்குப் பொருந்திப்போனது. இந்த டேப்ப ஒட்டிக்கிட்டு அதுலயும் இருபத்தொண்ணு வரும்."

மனைவி குறுக்கிட்டார். தோள் பொருந்தாத சட்டைக்குப் பொத்தானைத் தள்ளித் தைத்துக்கொண்டு போகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறவர்.

"இவரு பதினாறு வருஷமா டேப் இல்லாமத்தானே சுட்டாரு? இப்ப ஏன் வேணும்?"

அளவுக்காரர் லிஃப்ட்காரரைப் பார்த்தார், நீங்கள் சொல்கிறீர்களா என்பது போல. லிஃப்ட்காரர் தகட்டிலிருந்த பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கண்ணு நல்லாப் பாக்குதோ, மூளை அது பேச்சைத்தான் கேக்கும்மா. இவ்வளவு நாள் வலது பேச்சக் கேட்டுச்சு. இப்பக் கேக்கல. அம்பது வயசுக்கு மேல எஜமான் மாறினா, நான் முதல்ல டாக்டர்கிட்ட அனுப்புவேன். அப்புறம்தான் நாடாவ எடுப்பேன்."

டேப்புக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். உலகத்தில் அன்று லிஃப்ட்காரர் வெறுத்த ஒரே இலவசம் அதுதான். யாராவது அவரிடம் விலை உயர்ந்த துப்பாக்கிக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா என்று அப்போது கேட்டிருந்தால், அந்தக் கடையிலேயே மிக உயர்ந்ததை, இரண்டு மடங்கு கொடுத்து, வாங்கிக் காட்டியிருப்பார். பழைய துப்பாக்கி தானே குற்றவாளி என்று ஒப்புக்கொண்டால் போதும்.

பஸ் ஏறினார்கள். மனைவி டாக்டரைப் பற்றிப் பேசுவார், திங்கட்கிழமை என்பார், பதிலுக்குப் பார்க்கலாம் என்று சொல்லி இரண்டு மாதம் தள்ளலாம் என்று லிஃப்ட்காரர் காத்திருந்தார். மனைவி அதைப் பேசவேயில்லை.

வீடு ஆறாம் மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினார், வந்தது, கதவு திறந்தது. அவர் உள்ளே போனார். மனைவி வாசலிலேயே நின்றார்.

"இதை நீங்கதானே பாத்தீங்க?"

"ஆமா. மூணு வாரம் ஆச்சு."

"எந்தக் கண்ணால?"

கதவு மூட வந்தது. அவர் உள்ளேயிருந்து கையை நீட்டினார், அது திரும்பித் திறந்தது. மறுபடி மூட வந்தது, மறுபடி திறந்தது. மூன்றாவது தடவை லிஃப்ட்காரர் வெளியே வந்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, பொத்தான்களுக்குக் கீழே இருந்த துளையில் திருப்பினார். உள்ளே விளக்கு அணைந்தது. காவலாளியின் மேஜைக்குப் பின்னால் அவரே மாட்டி வைத்திருந்த 'இயங்காது' பலகையை எடுத்து வந்து கதவில் தொங்கவிட்டார். அது கோணலாகத் தொங்கியது. நேராக்கப் பார்த்தார், கொக்கி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரல் போயிற்று. மனைவி நேராக்கினார்.

லிஃப்ட்காரர் அங்கேயே நின்று மேலதிகாரிக்குப் போன் செய்தார். சனிக்கிழமை மத்தியானம் என்பதால் மறுமுனையில் டி.வி. சத்தம் கேட்டது. தன் பொறுப்பில் பதினாலு கட்டடம் இருப்பதையும், எல்லாவற்றின் கயிறுகளையும் திங்கட்கிழமைக்குள் வேறு ஒருவர் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னார். அதுவரை நிறுத்தி வைக்கச் சொன்னார். கண்ணைப் பற்றிச் சொன்னார். பரிசோதனை அட்டையைப் பற்றியும் சொன்னார். மறுமுனையில் டி.வி. அணைந்தது.

"கயிறெல்லாம் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. பாத்தீங்களா, பாக்கலையா?"

"தொட்டுப் பாத்தேன் சார்."

மேலதிகாரி போனை வைத்துவிட்டார். அது நல்லதா கெட்டதா என்று யோசிக்க லிஃப்ட்காரருக்கு நேரமில்லை. மூன்றாம் மாடி டீச்சர் இரண்டு கையிலும் பைகளோடு வந்து பலகையைப் பார்த்து நின்றார்.

"மெக்கானிக்கு நீங்களே இங்க குடியிருக்கீங்க, இங்கயே நின்னு போச்சா? எப்ப ஓடும்?"

"நான்தான் நிறுத்தினேன் டீச்சர். வேற ஆள் வந்து பாத்ததும் ஓடும்."

வேற ஆள் என்று சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. டீச்சரின் ஒரு பையை வாங்கிக்கொண்டார். முதல் படியை எதிர்பார்த்த இடத்துக்கு ஓரங்குலம் முன்னாலேயே கால் தட்டியது. மனைவி அவருடைய வலது பக்கத்துக்கு மாறி வந்து, கையைப் பிடிக்காமல், ஆனால் பிடிக்கும் தூரத்தில், கூடவே ஏறினார்.