நான் முந்திப் போன காலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவிலிருந்து மலைக்கு ஏறும் பாதையில் நடந்தது இது.

எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. சர்க்கரை கூடிப்போனதால் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆறு மாதமாக அந்தப் பாதையில்தான் என் நடை. கஷ்டமான ஏற்றம் கிடையாது. கல் பாவியிருப்பார்கள். கொஞ்ச தூரம் மரநிழல், அப்புறம் காய்ந்த புல்லும் வெட்டவெளிப் பாறையும். அங்கே நின்று திரும்பினால் கோபுரங்கள், தெருக்கள், பஸ் ஸ்டாண்டு, அதற்கும் அப்பால் ஏரி வரைக்கும் ஊர் மொத்தமும் விரிந்து கிடக்கும். வேகமாக ஏறி, செல்போனில் எத்தனை அடி நடந்தோம் என்று பார்ப்பதில் எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

என் மனைவிக்குப் பிறந்த வீடு கீழ்பென்னாத்தூர். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் மலையடியில் குடியிருந்தும், கிரிவலம் எத்தனையோ முறை போயும், மலைமேல் அவள் ஏறியதே இல்லை. மேலேயிருந்து ஊரைக் காட்டுகிறேன் என்று நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் வந்தாள். முதல் திருப்பத்தில் நின்று, “நம்ம மாடி தெரியுது பாருங்க, பச்சைத் தண்ணி டேங்க்” என்று சின்னப் பிள்ளை மாதிரி காட்டினாள். பிறகு அடிக்கடி நிற்க ஆரம்பித்தாள்.

“கொஞ்சம் உக்காந்துட்டு வரேன். தோள்பட்டை புடிச்சிருக்கு.”

“சமையக்கட்டுலயே நின்னா இப்படித்தான். இதெல்லாம் ஒரு ஏத்தமா?” என்றேன்.

அவள் சிரித்தாள். “நீங்க போங்க, பின்னாலயே வரேன்.”

நான் போய்விட்டேன்.

ஒரு ஐம்பது அறுபது அடி மேலே போயிருப்பேன். கீழேயிருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டது. “மேல போற அண்ணா, இவங்க உங்க வீட்டம்மாங்களா?”

திரும்பிப் பார்த்தேன். சற்று முன்பு எனக்கு எதிரே இறங்கிப் போன தம்பதி. கறுப்பு பர்தா போட்ட அந்த அம்மாவுக்கு என் மனைவி வயதுதான் இருக்கும். கூட வந்தவர் ஒல்லியாக, கையில் தண்ணீர் பாட்டிலோடு இருந்தார். அந்த அம்மா என் மனைவிக்குப் பின்னால் பாறையில் உட்கார்ந்து, அவள் முதுகைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்திருந்தார்.

“ஆமாங்க. ஒண்ணும் இல்ல, மெதுவா வருவா” என்றேன், நின்ற இடத்திலிருந்தே.

“ஒண்ணும் இல்லன்னு அங்கிருந்து சொல்லாதீங்க. இறங்கி வந்து கையத் தொட்டுப் பாருங்க.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. ஆனாலும் இறங்கி ஓடினேன். தொட்டால், கை ஐஸ் மாதிரி இருந்தது. வெயில்கூட ஏறாத நேரத்தில் ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு, “வலிக்குதுங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

“இவருக்கும் போன வருஷம் இப்படித்தான் வேர்த்துச்சு. ஹார்ட்டா இருக்கும், நடக்க விடாதீங்க” என்றார் அந்த அம்மா. எனக்கு எதுவும் ஓடவில்லை. அவர் கணவர் அதற்குள் போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டார். பிறகு தூக்குவதற்குக் குனிந்தார். “நீங்க தூக்காதீங்க, முன்னாடி போய் வண்டிய நிறுத்துங்க” என்று அவரை அனுப்பிவிட்டு, அந்த அம்மா என் பக்கம் கை நீட்டினார்.

“என் மணிக்கட்டப் புடிங்க, அண்ணா. கெட்டியா.”

அவர் கையும் என் கையும் கோத்த நாற்காலியில் என் மனைவியை உட்கார வைத்து இறங்கினோம். நான் தினமும் துள்ளி ஏறின பாதை அது. அன்றைக்கு ஒவ்வொரு கல்லும் தடுக்கியது. இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். அந்த அம்மாவுக்கும் மூட்டு வலி போல; இறங்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனால் வழி முழுக்க என் மனைவியிடம் பேசிக்கொண்டே வந்தார். “அக்கா, கண்ண மூடாதீங்க. உங்களுக்கு எத்தனை பசங்க? என்ன படிக்குது?” அவள் ஈனக் குரலில் பதில் சொன்னாள். பாதி வழியில் மேலே ஏறி வந்த இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்புதான் என்றார்கள். உடனே ஊசி போட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பும்வரை அந்தத் தம்பதி வாசலிலேயே நின்றார்கள். என் மனைவியின் வளையலையும் மோதிரத்தையும் தன் கைக்குட்டையில் முடிந்து என் சட்டைப்பையில் வைத்தவர் அந்த அம்மாதான். பெயர்கூட நான் கேட்கவில்லை. அவர்தான் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, ராத்திரி கூப்பிட்டு, “அக்கா எப்படி இருக்காங்க?” என்றார்.

வேலூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டாம் நாள் பேசும் தெம்பு வந்ததும் கேட்டேன். “அவ்வளவு வலிச்சுதே, ஏன் சொல்லல?”

“நீங்க எவ்ளோ சந்தோஷமா போயிட்டிருந்தீங்க. கெடுக்கணுமான்னு இருந்துச்சு.”

நான் வெராண்டாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். அந்த அம்மாவின் கணவர் ஊரில் தையல் கடை வைத்திருக்கிறார். என் சட்டையெல்லாம் அங்கேதான். அந்த அம்மாவும் இவளும் போனில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சை மாற்றுவதைப் பார்த்தால், என்னைப் பற்றித்தான் இருக்கும். இருக்கட்டும்.

இருபத்தாறு வருடம் கூடவே இருந்த எனக்குத் தெரியாதது, போகிற வழியில் ஒரு பார்வை பார்த்த இன்னொரு பெண்ணுக்குத் தெரிந்தது. அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவே கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.