பெருமாள் சுவரில் எங்கள் பூஜை அலமாரி

போன வாரம் எங்கள் புது வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடித்தேன். நல்ல நீளமான ஆணி. முதல் அடிக்குக் கொஞ்சம் இறங்கியது. அடுத்த அடியில்... ஆளையே காணோம்! சுவருக்குள் எங்கேயோ 'டொக்'கென்று விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

ஆணியை விழுங்கும் சுவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நெசவாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிக் கொடுத்த காலனி வீடு இது. நடுவே பொந்து விட்டுச் சுட்ட புது மாதிரிச் செங்கல். வெயில் உள்ளே இறங்காதாம். நிஜம்தான், வீடு ஜில்லென்றுதான் இருக்கிறது. ஆனால் ஒரு காலண்டருக்கு மேல் எதையும் தாங்க மாட்டேன் என்கிறதே!

நான் மாட்ட வேண்டியதோ தேக்கு பூஜை அலமாரி. மேலே சின்னதாய்க் கோபுரம், கண்ணாடிக் கதவு, உள்ளே பித்தளை விளக்குகள். தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதைத் தரையில் வைக்கலாம் என்றால், முன் அறை முழுக்கத் தறி. பின் அறையில்தான் எல்லோரும் கால் நீட்டிப் படுக்கிறோம். கால் நீட்டுகிற இடத்தில் சாமியை வைப்பதா? சாமி கிழக்கே பார்க்கும்படி மாட்டுவதற்கு இருந்தது இந்த ஒரு சுவர்தான்.

அதுவரை ஏகாம்பரநாதரும் காமாட்சியம்மனும் பட்டுத் துண்டில் சுற்றி டிரங்க் பெட்டிக்குள் இருந்தார்கள். என் சம்சாரம் தினமும் அந்தப் பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

"வாடகை வீட்லயே நம்ம சாமி ராஜாவாட்டம் இருந்துச்சி. சொந்த வீட்டுக்கு வந்து பொட்டியில பூட்டி வச்சிக்கினு இருக்கோம். வர்ற வெள்ளிக்கிழமை வெளக்கு அலமாரியிலதான் ஏத்தணும், சொல்லிட்டேன்."



ஓரிக்கையிலிருந்து என் மச்சான் சபாபதியை வரவழைத்தேன். பஸ் ஷெட்டில் மெக்கானிக். மரக் கட்டை அடித்துத் திருகாணி போட்டுப் பார்த்தோம். கட்டை ஆணியைப் பிடித்தது. கட்டையைப் பிடிக்கத்தான் அங்கே ஒன்றும் இல்லை. அலமாரியைத் தூக்கி வைத்ததும் கட்டை, காரை எல்லாம் சேர்ந்து கையோடு வந்துவிட்டது.

"இன்னா மாமா, வீடு கட்டினாங்களா, வடை சுட்டாங்களா? நடுவுல ஓட்டை!" என்று சிரித்தான் சபாபதி. பிறகு சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஒரே வழிதான். முழுசாத் தொளைச்சி, போல்ட்டை அந்தாண்ட விட்டு, பட்டை இரும்பு வச்சி நட்டு போட்டு முடுக்கணும். அப்பதான் மொத்தச் சுவரும் தாங்கும். அந்தாண்ட யாரு வீடு?"

அந்தாண்டை வரதன் வீடு. அவரும் நெசவுக்காரர்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்த ஒரே சுவர்.

கேட்கலாம் என்று போனேன். உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தேன். நாங்கள் துளைக்க நினைத்த அதே இடத்தில், ஆள் உயரத்துக்கு நாமம்! சங்கு, சக்கரத்தோடு. குடிவந்த அன்றே அவர் கையால் போட்டது. அதற்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

என் சாமி நிற்பதற்காக இன்னொருத்தர் சாமியின் நெற்றியில் ஓட்டை போடச் சொல்வதா? காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"கேட்டீங்களா?" என்றாள் சம்சாரம்.

"காப்பி நல்லா இருந்துச்சி..."

அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வரதனே வந்தார். "இன்னாண்ணே, ரெண்டு நாளா எங்க பெருமாள் காதாண்ட டங்கு டங்குனு சத்தம்? வீட்டுக்கு வந்தீங்கோ, ஒண்ணும் பேசாம பூட்டீங்கோ?"

நான் வாய் திறப்பதற்குள் சம்சாரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வரதன் டிரங்க் பெட்டியருகே போய்ப் பார்த்தார். நாமத்தை எப்படிப் போடுவது என்பதற்கே சண்டை போட்ட ஊர் நம்முடையது. என்ன சொல்வாரோ?

"சாமியைப் பொட்டியில வச்சிக்கினு எப்படிண்ணே சோறு எறங்குது? சுண்ணாம்பும் காவியும் எங்கிட்ட இருக்குது, மறுபடி போட்டுக்கறேன். ஆனா ஒண்ணு... நாமத்துல வேற கை படக் கூடாது. நாந்தான் தொளைப்பேன்."

மறுநாள் வரதன் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, சபாபதியின் கை டிரில்லை வாங்கினார். இரண்டு பக்கமும் நூல் பிடித்து அளந்து குறி வைத்தோம். அந்தப் பக்கம் அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் "கோவிந்தா... கோவிந்தா..." என்றார். டிரில் முனை எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததும் சபாபதி "ஹர ஹர மகாதேவா!" என்று ஒரு கூச்சல் போட்டான். தறியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"அளவா முடுக்குங்க, வரதண்ணே! ஓவரா முடுக்கினா கல்லு நசுங்கிப் பூடும்!" என்று இங்கிருந்து கத்தினான் சபாபதி.

பட்டை இரும்பின் மேலேயே மறுபடி சுண்ணாம்பு பூசி, முன்னைவிடப் பெரிதாக நாமம் போட்டுவிட்டார் வரதன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனைகளில் இப்போது துளசி மாலை தொங்குகிறது. ஏகாம்பரநாதரின் பாரத்தைத் தாங்கும் போல்ட்டில் பெருமாளுக்கு மாலை! எத்தனையோ கோயில் உள்ள ஊர் என்று நாம் பெருமை பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெருமை, இப்படிப்பட்ட மனிதர் பக்கத்தில் குடியிருக்கிறேன் என்பது.

வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றினோம். சம்சாரம் அலமாரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டுகிற சத்தம்.

"அண்ணே! அலமாரி ஆடுதா?"

"ஆடலை வரதா!"

"ஆடாதுண்ணே. இந்தாண்ட நாங்க ரெண்டு பேரும் புடிச்சிக்கினு இருக்கோம். நானும் பெருமாளும்!"