எல்லையில் அறுத்த பலாப்பழம்

நான் பேசப் போவது பலா மரங்களைப் பற்றி. அதனால் பழம் ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்தவர் என் மாமனார்.

கீரமங்கலத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு பலா மரம் படுத்துக்கொண்டே காய்க்கிறது. கஜா புயலில் சாய்ந்த மரம். பாதி வேர் மண்ணுக்குள் மிச்சமிருந்ததால் அடுத்த வருஷமே தளிர்த்துவிட்டது. அதைப் போலச் சாய்ந்தும் பிழைத்த மரங்களை அக்கம்பக்கத்து ஊர்களில் தேடிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன், அந்த ஆர்வம்தான். நேபாளத்தில், நம் எல்லையை ஒட்டிய ஒரு ஊரில், மரப்பயிர்கள் பற்றிய கருத்தரங்கு என்று கேள்விப்பட்டு அனுப்பி வைத்தேன். வரச் சொல்லிவிட்டார்கள்.

"பழம், வெதையெல்லாம் நாடு விட்டு நாடு கொண்டுபோக விடமாட்டாங்க மாமா" என்றேன்.

"நீ என்ன துப்பாக்கியா கொண்டு போற? பழந்தானே ஆத்தா. பழத்தப் பத்திப் பேசப் போறவ வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?"

விரல் முட்டியால் ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்து, ஊர் போய்ச் சேரும்போது பழுக்கிற பக்குவத்தில் ஒன்றை இறக்கிச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். அவரிடம் அதற்கு மேல் பேச முடியாது.

என்னோடு வந்தவர் எங்கள் கல்லூரி வேதியியல் மேடம். கடலோர மணமேல்குடிக்காரர். கருத்தரங்கில் அவருக்கு வேலை எதுவும் கிடையாது. புத்தர் பிறந்த லும்பினி அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் என்று நான் சொன்ன மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். விமானம் மட்டும் வேண்டாம் என்றார். "படகுல கூப்புடுங்க, வாரேன். ஆகாசத்துல எனக்கு ஒத்து வராது." பள்ளிக்கூட நாளிலேயே இந்திப் பரீட்சை எல்லாம் எழுதி முடித்தவர் என்பதால், வடக்கே அவர் துணை இருந்தால் போதும் என்று நானும் தைரியமாக இருந்தேன்.

சென்னை போய் அங்கிருந்து கோரக்பூர் ரயில். சாக்கு என் பர்த்துக்குக் கீழே. மாமனாரின் கணக்கில் வெயில் சேரவில்லை போலிருக்கிறது; விஜயவாடா தாண்டும்போதே வாசம் கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில் பெட்டிக்குள் யார் ஏறினாலும் ஒரு நிமிஷம் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் இடம் தேடினார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து என்னவென்று கேட்க, மேடம் எழுந்து நின்று இந்தியில் விளக்கம் சொன்னார். எதிர் சீட்டுக் குடும்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அந்த வீட்டுப் பெண் பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "உங்கள் தோழி புராண சீரியலில் முனிவர் பேசுவதுபோலப் பேசுகிறார்."

கோரக்பூரிலிருந்து பஸ் பிடித்து சோனௌலி. சர்வதேச எல்லை என்றதும் நான் கண்ணாடிக் கூண்டுகளையும் கிடுக்கிப்பிடிக் கேள்விகளையும் நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் ஒரு கடைத்தெரு. இரண்டு பக்கமும் செருப்புக்கடை, மிட்டாய்க்கடை, நடுவில் வரிசையாக லாரிகள். காய்கறிப் பையோடு பெண்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தார்கள். நம் பக்கத்துக் காவலர் எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முத்திரை குத்தவில்லையே என்று மேடம் கேட்டார். இந்தியர்களுக்கு இங்கே முத்திரை கிடையாது என்றார் அவர்.

"இதுக்கா போலீஸ் வெரிபிகேஷனுக்கெல்லாம் அலைஞ்சேன்?" என்று என்னிடம் முணுமுணுத்தபடி நடந்தார் மேடம்.

எல்லை வாசல் வளைவைத் தாண்டியதும் நேபாளச் சுங்கத்தின் மேசை. அங்கே இருந்த அதிகாரி சாக்கை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்க்கவே தேவையில்லை, அவருக்கும் மூக்கு இருந்தது. பூச்சி, நோய் எதுவும் இல்லை என்ற சான்றிதழ் உண்டா என்று கேட்டார். இல்லை. மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்கள் யார், எங்கே போகிறோம், இந்தக் கனியின் பெருமை என்ன என்று நீளமாகப் பேசினார். அதிகாரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப அழகான இந்தி" என்றார். "ஆனால் பழத்தை விட முடியாது."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இதே விதியைத்தான் நான் வகுப்பில் நடத்துகிறேன். ஆனாலும் தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தூக்கி வந்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, அவரே ஒரு வழி சொன்னார். "உங்கள் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வயிற்றுக்குள் இருப்பதற்கு நான் சான்றிதழ் கேட்க மாட்டேன்."

திரும்ப இந்தியாவுக்கு நடந்தோம். முதலில் தென்பட்ட டீக்கடையில் ஒரு அம்மா இருந்தார். கத்தியும் கையில் தடவ எண்ணெயும் கேட்டோம். கடுகெண்ணெய் கொடுத்தார். கடை வாசலில் பழைய பேப்பரை விரித்துப் பழத்தைப் பிளந்தேன். சுளை நல்ல மஞ்சள். ஆனால் அந்த அம்மா தயங்கினார். காயாக இருந்தால் மசாலா போட்டுச் சமைப்போம், பழுத்ததைப் பெரியவர்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை என்றார். வேடிக்கை பார்க்க வந்த ரிக்‌ஷாக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பெரிய பழத்தோடு நாங்கள் இரண்டு பேரும் திண்டாடிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு தமிழ்க் குரல்.

"அக்கா, நம்மூருப் பழமாட்ட இருக்குதுங்களே?"

நாமக்கல் லாரி டிரைவர். லோடோடு வந்து, அனுமதிக் காகிதம் வராமல் எல்லையில் காத்துக் கிடக்கிறாராம். லாரிக்குள் படுத்திருந்தவரை வாசம் எழுப்பிவிட்டிருக்கிறது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், கத்தியை என்னிடமிருந்து வாங்கினார். நடுத்தண்டை நீக்கிவிட்டுச் சுளைகளை எடுத்து வைத்தார். முதல் சுளையை மென்றபடியே அடுத்ததற்குக் கை நீட்டினார்.

"இந்த வருசம் ஒரு சொளகூடத் திங்கலீங்க. சீசனப்ப ஊருல இருந்தாத்தானே" என்றார்.

பிறகு அவரே விநியோகத்தை எடுத்துக்கொண்டார். மேடத்தின் இந்தி போல இல்லை அவருடைய இந்தி. இலக்கணமே இல்லாமல் எல்லோருக்கும் புரிந்தது. ஒரு ரிக்‌ஷாக்காரர் வாங்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர். கடைக்கார அம்மா ஒன்று சாப்பிட்டுவிட்டு, உள்ளே போய்த் தட்டு எடுத்து வந்து வீட்டுக்கென்று கொஞ்சம் வாங்கி வைத்தார். கொட்டைகளை எல்லாம் டிரைவர் ஒரு பையில் சேர்த்துக்கொண்டார். "கொழம்பு வெச்சுக்கறனுங்க. லாரியில அடுப்பு இருக்குது."

பழம் முடியும் தறுவாயில் அந்தச் சுங்க அதிகாரி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "டியூட்டி மாறிவிட்டது. இப்போது நான் டீ குடிக்க வந்தவன்" என்றார். நான் சுளையை நீட்டினேன். ஒன்று, இன்னொன்று என்று கடைசி வரை நின்று சாப்பிட்டார்.

அங்கே நின்றபடியே மாமனாருக்குப் போன் போட்டேன், தாண்டிவிட்டால் சிம் வேலை செய்யாது. "பார்டர்லயே அறுத்துட்டோம் மாமா, விடல" என்று நடந்ததைச் சொன்னேன்.

"விடமாட்டேன்னவரும் திண்டாரா?"

"திண்டாரு மாமா."

"அப்பச் சரி" என்று வைத்துவிட்டார்.

நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிடக் கால்மணி நேரம் முந்தி ஓடுகிறது. அது தெரிந்திருந்தும் மறுநாள் காலை மறந்துபோனோம். அரங்குக்குள் மூச்சு வாங்க நுழைந்தபோது மேடையில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தயாரித்து வைத்திருந்த தொடக்கம் வாயில் வரவில்லை. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, முந்தைய நாள் எல்லையில் நடந்ததைச் சொன்னேன். அரங்கு சிரித்தது. அதன்பின் என் படபடப்பு அடங்கி, சாய்ந்த மரங்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேச முடிந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு வயதான நேபாளப் பேராசிரியர் எழுந்தார். மலைப்பக்கத்து ஊர்களில் மண்சரிவில் மரம் சாய்ந்தால் அந்த வாரமே வெட்டி விறகாக்கிவிடுகிறார்கள் என்றார். "பாதி வேர் மண்ணில் இருந்தால் ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள் என்று இனி சொல்வேன்." அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வந்ததற்கு இது போதும் என்றிருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் பலாக்காய்க் கறி. மேடம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் லும்பினி. குளத்தங்கரையில் வண்ண வண்ணக் கொடிகள் கட்டிய அரசமரத்தடியில் மேடம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. தொந்தரவு செய்யக் கூடாதென்று தள்ளிப் போய் நின்றேன். வேன்காரர் ஹாரன் அடித்தபோதும் அசையவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டேன்.

"தியானமா மேடம்?"

"தூக்கந்தாங்க" என்று எழுந்து, புடவையை உதறிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்.