சென்சார் பெட்டிக்குள் இருந்த தாள்

வண்டியைப் பிரித்த அன்று பட்டறையில் இருந்தது நானும் அப்பாவும் அக்காவின் கணவரான அத்தானும். வண்டியின் சொந்தக்காரர் இல்லை. மாட்டுங்காவிலிருந்து மணிக்கொரு முறை போன் மட்டும் செய்தார். மாசு சான்றிதழ் இல்லாமல் அந்தப் பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. சனிக்கிழமை கடைசி நாள். "எம்மவன் இன்ஜினீயரிங் படிச்சவன், நான் பொறுப்பு" என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஆட்டோவும் டாக்சியும் மட்டுமே பார்த்துவந்த தாராவிப் பட்டறைக்கு அப்படியொரு வண்டி வந்ததே அந்த வாக்கை நம்பித்தான்.

குறை சுலபமாகப் பிடிபட்டது. புகையை மோந்து பார்த்து எஞ்சினுக்குச் சேதி சொல்லும் ஆக்சிஜன் சென்சார் செத்திருந்தது. அதே சென்சார் இப்போது கிடைப்பதில்லை. நான் ஒருபடி மேலே போய், தானே சூடேறிக்கொள்ளும் நான்கு ஒயர் சென்சாரைக் குர்லாவில் வாங்கிவந்தேன். ஒயர்களை நாம்தான் இணைக்க வேண்டும். பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது.

"அதுல என்னல போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. எல்லாம் தெரிஞ்சதுதான்."

கல்லூரி லேபில் கற்றபடி ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே பசை உறை போட்டு, காற்றுப் புகாமல் அடைத்தேன்.

"மாப்ள, நகை செஞ்ச மாரில்லா இருக்கு" என்றார் அத்தான்.

செம்பூர் சோதனை மையத்தில் வண்டி தேறவில்லை. சென்சார் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் கத்தினேன். பிரித்த சாமானை மாற்றித் தர மாட்டேன் என்றார். வீம்புக்கு இன்னொன்று வாங்கி, அதே அழகோடு அதற்கும் ஈயம் வைத்தேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் தேறவில்லை. சொந்தக்காரர் போனில், "உங்க பையனால முடியலேன்னா சொல்லிடுங்கோ, வேற எடம் பாத்துக்கறேன்" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்ஜினீயர் சார், மூணாவது வாங்கணும்னா சொல்லும்" என்றார் அத்தான். "ஒங்க அக்கா வளையலக் கேட்டுப் பாக்கேன்."

எரிச்சலில், வண்டியோடு வந்த செத்த சென்சாரைத் தூக்கி எறியப் போனேன். அப்பா அதை அந்தத் தாளில்தான் சுற்றி வைத்திருந்தார். பிரித்துப் படித்தேன். இணைப்புகளில் ஈயம் வைக்கக் கூடாது. சென்சார் தனக்கு வேண்டிய வெளிக்காற்றை ஒயர்களின் வழியாகத்தான் இழுக்கிறது. நான் இரண்டையும் மூச்சு முட்ட அடைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஈயத்தை வெட்டியெறிந்து, வண்டியில் இருந்த சென்சாரையே சாதாரண கிளிப்புகளை நசுக்கி இணைத்தேன். அந்தக் கிளிப்புகள் பட்டறை டப்பாவில் எப்போதும் கிடப்பவை. சனிக்கிழமை காலை வண்டி தேறியது.

"பில்லுல ரெண்டு சென்சாரையும் போட்டுருவமா மாமா?" என்றார் அத்தான்.

"ஒண்ணு போடு" என்ற அப்பா, என் பக்கம் திரும்பினார். "அந்தத் தாள முழுசா வாசி, கேப்போம்."

வாசித்தேன். ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். வீணாய்ப் போன சென்சார், இரண்டு தடவை தோற்ற சோதனை, குர்லாவுக்கு ஆட்டோ எல்லாமாக எங்கள் கையிலிருந்து போனது எட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.